பாய்க்கப்பலும் வாலிபர் பயிற்சியும்

நீராவி இயந்திரம் கடலை ஆளத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் இன்றுங்கூடப் பல தேசங்கள் பெரும்பொருள் செலவிட்டுப் பாய்மரக் கப்பல்களைக் கட்டுவித்து, அவற்றில் தம் வாலிபர்களை ஏற்றிக் கடலுக்கு அனுப்பி வருகின்றன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. கோவாவிற் கட்டப்பெற்ற 'தரங்கிணி' 1997-ம் வருஷம் நவம்பர் மாதம் 11-ந் தேதி நம் கடற்படையிற் சேர்ந்தது. அதன் உடன்பிறப்பாகிய 'ஸுதர்சினி' 2012-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சேர்ந்தது. 54 மீட்டர் நீளமும், மூன்று பாய்மரங்களும், 20 பாய்களும் உடைய இக்கப்பல்கள் சரக்கு ஏற்றுவன அல்ல. பீரங்கி தாங்கிப் போர் செய்வனவும் அல்ல. கொச்சியைத் தங்குமிடமாகக் கொண்டு, கடற்படையிற் சேரும் இளைஞரைக் காற்றோடும் அலையோடும் பழக்குவதே இவற்றின் தொழில். தரங்கிணி 2003, 2004-ம் வருஷங்களில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றியும் வந்திருக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பாருண்டு. மோட்டார் வண்டி ஓட்டப் போகிறவனுக்கு மாட்டு வண்டி ஓட்டக் கற்பிப்பது போலன்றோ இது என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. பொத்தானை அழுத்தினால் போகும் கப்பலில் உத்தியோகம் பார்க்கப் போகிறவனுக்கு, பாய்மரத்தின் உச்சியில் ஏறிப் பாய் சுருட்டும் வித்தை பிற்காலத்தில் பயன்படாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அக்கப்பலில் அவன் கற்பது அவ்வித்தை மாத்திரமன்று. அதை விளக்குவதற்குப் பாய்க்கப்பல் திசை மாறும் விதத்தைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது, நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

காற்று வரும் திசையை நோக்கிப் பாய்க்கப்பல் நேரே செல்ல இயலாது. சிறிது தூரம் வலப்புறம் சாய்ந்தும், சிறிது தூரம் இடப்புறம் சாய்ந்தும், மாறி மாறிச் சென்றே முன்னேற வேண்டும். இப்படித் திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் கப்பலின் அணியம் காற்றின் முகத்தைக் குறுக்கே கடந்து மறுபக்கம் திரும்பியாக வேண்டும். சுக்கானைத் திருப்பிய மாத்திரத்தில் இது நடந்துவிடாது. முன் பாய்மரத்தடியில் ஒரு குழுவும், நடுப் பாய்மரத்தடியில் ஒரு குழுவும், முக்கோணப் பாய்களின் கயிறுகளருகே வேறொரு குழுவும் ஆயத்தமாக நிற்கும். அணியம் காற்றை நெருங்கியதும் நடுமரத்துப் பருமல்களை முதலில் திருப்புவார்கள். (பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு நம் கடலோடிகள் இட்ட பெயர் பருமல்.) முன்மரத்துப் பாய்களோ அப்போது திரும்பலாகாது. அவை எதிர்க்காற்றை மார்பில் வாங்கி அணியத்தை மறுபக்கம் தள்ள வேண்டும். அணியம் காற்றைக் கடந்த பிறகே அவற்றின் முறை வரும். முன்மரத்துக் குழுவினர் பொறுமையிழந்து சற்று முந்தி இழுத்தாலும், நடுமரத்தார் சற்றுப் பிந்தினாலும், கப்பல் ஓட்டமற்று நடுவில் நின்றுவிடும். பின்னோக்கி நகரவும் தொடங்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இதில் முன்மரத்துக் குழுவின் நிலையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் கையிற் கயிற்றை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். அந்தச் சும்மா நிற்றலே அச்சமயத்தில் அவர்கள் செய்யும் வேலை. பதினெட்டு வயது வாலிபனுக்கு இதைவிடக் கடினமான பாடம் வேறில்லை. ஐம்பது வயதுத் தலைவர்களுக்கும் இது எளிதன்று என்பது பொது வாழ்வில் ஈடுபட்ட நம் நேயர்களுக்குத் தெரியாததல்ல. நம் ஊர்ச் சங்கங்களில் ஐந்து பேர் கூடினால் ஐவரும் உத்தரவு கொடுக்க விரும்புவர். கயிறு பிடிக்க ஆள் அகப்படாது. காரியம் கெட்டால், யாரால் கெட்டது என்பதை மூன்று கூட்டம் போட்டு விவாதிப்போம். கப்பலில் அந்த விவாதத்திற்கு இடமில்லை. பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தத்திலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. அத்தீர்ப்பைச் சொல்வது காற்று. அதனிடம் சிபாரிசு செல்லாது.

தலைமை என்பதும் அங்கே மேடையில் இருந்து வருவதன்று. கப்பலில் உள்ளோரைக் குழு குழுவாகப் பிரித்து, நாலு மணி நேரத்திற்கு ஒரு குழுவாகக் காவல் முறை வைப்பது கடலோடிகளின் பழைய வழக்கம். நடுநிசியில் எழுப்பப்பட்டு, நனைந்த உடையோடு தளத்துக்கு வரும் மாணாக்கன், முன் காவலிலிருந்தவனிடமிருந்து திசை, காற்று, விரித்துள்ள பாய்கள், தூரத்தில் தெரியும் விளக்குகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து சுக்கானை ஏற்றுக்கொள்ளுகிறான். கீழே எத்தனையோ பேர் உறங்குகிறார்கள். அவர்கள் கவலையின்றி உறங்குவது தன்னை நம்பியே என்பதை முதன்முதலில் அவன் அறியும் இரவு அது. தலைமை என்ற சொல்லுக்கு எந்தப் புத்தகமும் கற்பிக்காத அர்த்தத்தை அவ்விரவு கற்பிக்கிறது. முதலில் கயிறு இழுத்தவன், பிறகு தன் காவற் குழுவுக்கு மூப்பனாகிறான். யாத்திரையின் இறுதியில் ஒரு நாள் கப்பலை முழுவதுமே மாணாக்கர் கையில் ஒப்புவித்து, உத்தியோகஸ்தர்கள் ஒதுங்கி நின்று பார்க்கும் வழக்கமும் பல கப்பல்களில் உண்டு.

இம்முறையைக் கடற்படைக்கு அப்பால் பொதுஜனப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கிய வரலாறு சுவையானது. ஜர்மனியில் ஸாலெம் என்ற இடத்தில் பள்ளி நடத்தி வந்த கூர்ட் ஹான் என்ற யூத உபாத்தியாயர், ஹிட்லரை எதிர்த்துப் பேசியதற்காக 1933-ல் சிறைப்பட்டு, பின்னர் பிரிட்டனுக்குச் சென்று, ஸ்காட்லாந்தில் புதிய பள்ளியொன்றை நிறுவினார். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள் பலவற்றை ஜர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்து வந்தன. அச்சமயம், லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பெனி முதலாளிக்கு ஓர் ஐயம் எழுந்தது. உயிர்ப்படகில் ஏறிய பின்னர், உடல்வலி மிக்க இளைஞர்கள் சோர்ந்து மடிய, பாய்க்கப்பலில் பழகிய முதியவர்கள் பிழைத்து வருகிறார்களே, இதன் காரணம் என்ன? இது அநுபவஸ்தர் ஒருவரின் அபிப்பிராயமேயன்றிக் கணக்கெடுத்துக் கண்ட முடிவன்று. ஆயினும் அந்த அபிப்பிராயத்தின் பலத்தில், ஹோல்ட் பொருளும் ஹான் யோசனையும் கொடுக்க, வேல்ஸ் நாட்டின் அபர்டவி என்ற கடற்கரை ஊரில் 1941-ல் ஒரு மாதப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதில் மாலுமி வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமன்றித் தொழிற்சாலைப் பையன்களும் பள்ளி மாணாக்கரும் சேர்க்கப்பட்டார்கள். கடலுக்கு ஆள் பிடிப்பதன்று, கடலைக்கொண்டு ஆளை உருவாக்குவதே அதன் நோக்கம்.

யுத்தம் முடிந்தபின், பெரும் பாய்க்கப்பல்கள் அடியோடு மறைந்துவிடும்போலிருந்தது. அப்போது பெர்னார்ட் மோர்கன் என்ற லண்டன் ஸாலிஸிடர் ஒருவர், பல தேசத்துப் பயிற்சிக் கப்பல்களையும் ஒன்றுகூட்டி ஓட்டப் போட்டி நடத்தலாம் என்ற யோசனையைச் சொன்னார். (வக்கீல்களால் உலகுக்கு ஒரு நன்மையும் இல்லையென்று சொல்லுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) 1956-ல் இங்கிலாந்தின் டார்பே துறையிலிருந்து லிஸ்பன் வரையில் 20 கப்பல்கள் ஓடின. அதுவே இறுதிப் போட்டி என்று எண்ணித்தான் நடத்தினார்கள்; இன்றளவும் அது நின்றபாடில்லை. கப்பலில் உள்ளோரிற் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது விதி. முந்தி வந்த கப்பலுக்குப் பரிசு உண்டு; ஆயினும் தேசங்களிடையே நட்பை வளர்த்த கப்பல் இது என்று கப்பல் தலைவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசையே பெரிதாக மதிக்கிறார்கள். நமது தரங்கிணியும் இப்போட்டிகளிற் கலந்துகொண்டதுண்டு.

இதுவரை சொன்னவை ஒரு பக்கத்து வாதம். மறுபக்கத்து வாதம் பெற்றோருடையது. அதை அலட்சியம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. 1957-ம் வருஷம் ஸெப்டம்பர் மாதத்தில் 'பாமிர்' என்னும் ஜர்மன் பாய்க்கப்பல் தானியம் ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தில் வருகையில் சூறாவளியில் அகப்பட்டு மூழ்கியது. அதிலிருந்த 86 பேரில் பெரும்பாலோர் பயிற்சி பெற வந்த வாலிபர். பிழைத்தவர் ஆறே பேர். பிள்ளையை ஆளாக்குவதற்கு அவனைச் சாவின் வாயிலில் நிறுத்தித்தான் ஆக வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டால், தேசத்தின் பெயரைச் சொல்லி அவள் வாயை அடைப்பது அயோக்கியத்தனம். விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இக்கேள்விக்குத் தக்க சாட்சியாக நமக்குத் தோன்றுவது 'கான்கார்டியா' என்ற கப்பலின் கதை. 1992-ல் போலந்தில் கட்டப்பட்ட இம்மூன்று மரக் கப்பல், கானடாவிலிருந்து நடத்தப்பட்ட ஒரு மிதக்கும் பள்ளிக்கூடம். மாணாக்கர்கள் ஆண்டு முழுவதும் அதிலேயே வசித்து, பாதிப் பொழுது பாடம் படித்தும், பாதிப் பொழுது பாய் இழுத்தும் உலகைச் சுற்றுவார்கள். 2010-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 8-ந் தேதி பிரேஸிலின் ரெஸீபே துறையை விட்டு மாண்டிவிடியோவை நோக்கிப் புறப்பட்டது. கப்பலில் 64 பேர். அவர்களில் 48 பேர் ஆணும் பெண்ணுமாகிய மாணாக்கர். 17-ந் தேதி பிற்பகல், ரியோ டி ஜனேரோவுக்குத் தென்கிழக்கே சுமார் 550 கிலோமீட்டர் தூரத்தில், வகுப்புகள் நடந்துகொண்டிருந்த வேளையில், மழையோடு கூடிய காற்றொன்று வந்து தாக்கியது. கப்பல் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. சில நிமிஷங்களுக்குள் பாய்கள் நீரிற் படிந்து, சுவர் தரையாகவும் தரை சுவராகவும் மாறிவிட்டன. உள்ளே வெள்ளம் புகுந்தது.

அறுபத்துநான்கு பேரும் உயிர்ப்படகுகளில் ஏறினார்கள். சுமார் 40 மணி நேரம், இரண்டு இரவுகளைக் கடலிற் கழித்தபின், அவ்வழியே வந்த வியாபாரக் கப்பல்கள் இரண்டு அவர்களை மீட்டன. ஒருவர்கூட மாளவில்லை. கடல் வரலாறு அறிந்தவர்கள் இதை அற்புதம் என்றார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. கப்பலைவிட்டு வெளியேறும் ஒத்திகையை அந்தப் பிள்ளைகள் முன்னரே பழகியிருந்தார்கள். தன் இடம் எது, தன் பக்கத்திலிருப்பவன் யார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தலைகீழாகிவிட்ட ஒரு வீட்டிலிருந்து ஒருவரையொருவர் மிதிக்காமல் வெளியேறினார்கள் என்றால், மாதக்கணக்காக ஒரே கயிற்றைப் பலர் சேர்ந்து இழுத்த பழக்கம் அங்கே கைகொடுத்தது என்பதே நம் முடிவு.

ஆனால் சாட்சி இத்துடன் முடியவில்லை. கீழ்நோக்கி வீசும் அபூர்வமான காற்றொன்று கப்பலைக் கவிழ்த்தது என்று கப்பல் தரப்பில் முதலிற் சொன்னார்கள். தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டால் மனிதன் பொறுப்பினின்று தப்பிவிடலாம் என்பது எங்கள் கோர்ட்டுகளில் நாள்தோறும் காணும் உபாயம். கானடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை எளிதில் ஏற்கவில்லை. 2011-ல் வெளியிட்ட அறிக்கையில், அப்படிப்பட்ட காற்று வீசியதற்குப் போதிய ஆதாரமில்லை என்றும், வந்தது அக்கடலில் எதிர்பார்க்கத் தக்க காற்றே என்றும் வாரியம் கண்டது. மழைக்காற்று வருவது தெரிந்தும், காவற் பொறுப்பிலிருந்த உத்தியோகஸ்தர் பாயைக் குறைக்கவுமில்லை, திசையை மாற்றவுமில்லை. எவ்வளவு காற்றில் எவ்வளவு சாய்வு வரை அபாயமில்லை என்று காட்டும் கணக்குகள் அக்கப்பலுக்கென்றே தயாரிக்கப்பட்டுக் கப்பலிலேயே இருந்தன; அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி அவருக்கு இல்லை. அப்படிப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. கதவுகளும் காற்றுப் போக்கிகளும் திறந்து கிடந்தன. அவற்றின் வழியே நீர் புகுந்தது.

ஆக, ஒரே கப்பலில், ஒரே பிற்பகலில், கற்றவர்கள் தேறினார்கள், கற்பிப்பவர்கள் தவறினார்கள். பிள்ளைகளுக்கு ஒத்திகை இருந்தது, பெரியோருக்கு இல்லை. பெற்றோரின் கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பாமிர், கான்கார்டியா இரண்டின் கதையிலும் குற்றம் இளைஞரைக் கடலுக்கு அனுப்பியதில் இல்லை. பாமிரில் தானியம் இடம் பெயராதவாறு அடுக்கப்பட்டிருந்ததா என்பதும், கான்கார்டியாவில் பாய் வேளையோடு குறைக்கப்பட்டதா என்பதும் மாணாக்கர் பார்க்க வேண்டிய காரியங்கள் அல்ல. இளைஞரை அபாயத்தோடு பழக்கலாம்; பழக்கவும் வேண்டும். ஆனால் அந்த அபாயத்தை அளந்து வைப்பது முதியோர் கடமை. அளக்கத் தெரியாதவர் கையிற் பிள்ளைகளை ஒப்புவித்துவிட்டு, அதற்கு வீரம் என்று பெயரிடுவது கூடாது.

இனி, நம் தேசத்து விஷயம். பாயைக்கொண்டு பழக்குவதில் நம்மவர் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார்கள் என்பதை நம் ஜனங்கள் போதிய அளவு அறியவில்லை. திலீப் தோண்டே என்ற கடற்படை வீரர் 2009, 2010-ம் வருஷங்களில் தனியொருவராகப் பாய்ப்படகில் உலகைச் சுற்றினார். அவருக்குத் துணைநின்று பழகிய அபிலாஷ் டோமி, பின்னர் எத்துறையிலும் நில்லாமல் சுற்றி வந்தார். தோண்டேயிடம் பயின்ற ஆறு பெண்மணிகள், 'தாரிணி' என்ற 17 மீட்டர்ப் படகில் 2017-ம் வருஷம் ஸெப்டம்பர் 10-ந் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, 2018-ம் வருஷம் மே 21-ந் தேதி திரும்பினார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்தவர் வர்த்திகா ஜோஷி. ஆறு பேர், ஒரு சிறு படகு, எட்டு மாதம்: ஒருவர் முகத்தை ஒருவர் தவிர்க்க வழியில்லாத அந்த வாழ்க்கையில் புயலைவிடப் பெரிய பரீட்சை அதுவாகவே இருந்திருக்கும். பின்னர் டோமியிடம் பயின்ற தில்னா என்பவரும் நம் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், அதே தாரிணியில், இருவர் மட்டுமாக, 2024-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி புறப்பட்டு, 2025-ம் வருஷம் மே 29-ந் தேதி கோவாவுக்குத் திரும்பினார்கள். பழைய குருகுல முறை கெட்டுவிட்டது என்று வருந்துவோர் இந்தக் குருபரம்பரையைக் கவனிப்பார்களாக.

ஆனால் இவர்களெல்லாரும் கடற்படையைச் சேர்ந்தவர்கள். தரங்கிணியும் ஸுதர்சினியும் கடற்படைப் பயிற்சிக்கென்று ஏற்பட்டவை. அவற்றின் தளத்தில் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் அருமையிலும் அருமை. அபர்டவியில் தொழிற்சாலைப் பையனுக்குக் கிடைத்தது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையுடைய தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்து மாணாக்கனுக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்தாபித்தபோது, நம்மவருக்குக் கப்பலோட்டும் தொழிலைக் கற்பிப்பதையும் அதன் நோக்கங்களில் ஒன்றாக எழுதி வைத்தார். கம்பெனியை அழித்தவர்கள் அந்நோக்கத்தையும் அழித்தார்கள். பிறகு இந்திய வாலிபர் கப்பல் உத்தியோகஸ்தர் ஆவதற்கு 'டஃபரின்' என்ற பயிற்சிக் கப்பல் பம்பாயில் ஏற்பட 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் துறைமுகத்தில் நிறுத்திவைத்த கப்பலே.

இன்று காத்திருக்க வேண்டிய காரணம் ஒன்றுமில்லை. நாம் கேட்பது தரங்கிணியைப் போன்ற பெரிய கப்பலுமன்று. முப்பது பிள்ளைகள் ஏறத்தக்க ஒரு தோணி போதும். தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்றதை நேரிற் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நட்சத்திரத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்து வழியறிந்த தண்டையல்களின் வித்தை அவர்கள் குடும்பங்களில் முற்றும் மறைவதற்குள், அவர்களைத் தேடி அழைத்து வந்து உபாத்தியாயராக அமர்த்த வேண்டும். செலவுக்கு வழியென்ன என்று கேட்பவர்கள், ஒரு பெரிய மகாநாட்டின் பந்தலுக்கும் வளைவுகளுக்கும் ஆகும் தொகையை விசாரித்துக்கொண்டு வந்து கேட்கலாம்.

இதைத் தொடங்குகிறவர்களிடம், அவர்கள் சர்க்காரேயாயினும் தனிச் சங்கமேயாயினும், நாம் சில நிபந்தனைகளை முன்கூட்டியே வற்புறுத்துவோம். தோணி எத்தனை காற்றுக்கு எவ்வளவு சாயும் என்ற கணக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். காவலில் நிற்கும் ஒவ்வொரு உத்தியோகஸ்தரும் அதில் பரீட்சை கொடுத்திருக்க வேண்டும். வெளியார் ஒருவர் ஆண்டுதோறும் தோணியைச் சோதித்து எழுதும் அறிக்கையின் நகல், பிள்ளையை ஏற்றுமுன் பெற்றோர் கைக்குச் சேர வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் சம இடம் உண்டு என்பதைத் தாரிணிக்குப் பிறகு யாரும் வாதிக்க வேண்டிய அவசியமில்லை. கட்டணம் கொடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை வரட்டும். கட்டணம் கொடுக்க இயலாத மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, முப்பதில் பாதி இடங்களை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். ஒரே கயிற்றின் முன்முனையை ஒருவனும் பின்முனையை மற்றவனும் பிடிக்கட்டும்.